கதவைச் சாத்திச் சலித்த மாவு

அடுப்பு எரியவில்லை. என் நோய் அப்படித்தான் தொடங்கியது.

மார்கழி மாதம். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரில் அந்தக் குளிருக்கு விறகு நமத்துப் போவது வழக்கம்தான். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினேன். சாம்பல் கொஞ்சம் பறந்தது, கங்கு சிவக்கவில்லை. மறுபடியும் ஊதினேன். நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல் இருந்தது. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. விறகைத் திட்டினேன். அதை வெட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் சின்னையனையும் சேர்த்துத் திட்டினேன். அவர் குனிந்து ஒரே ஊதில் பற்றவைத்துவிட்டு, "வெறகு நல்லாத்தானே இருக்குது புள்ள" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இதை வாசிப்பவர்களில் சிலர் மூச்சுத் திணறலோடு ஏதோ ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைத்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன், சிரிக்கிறேன். அழுதுகொண்டே எழுதப்போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் பரபரவென்றுதான் இருக்கிறது.

என் பெயர் பூங்கொடி. எங்களுக்கு மலைமேல் கொஞ்சம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), கொஞ்சம் மிளகு, பள்ளத்தில் கொஞ்சம் நெல் உண்டு. பத்தாவது வரை படித்தவள், அதோடு ஊரிலேயே பெரிய வாயாடி. இந்த இரண்டு தகுதியும் இருந்ததால், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எங்கள் ஊரில் மகளிர் குழு ஆரம்பித்தபோது தலைவி பதவி தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா துணைத் தலைவி. என்னைவிட வாய் அதிகம், படிப்பு மட்டும் குறைவு.

குழு என்று கூடிவிட்டோம், என்ன தொழில் செய்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு கல்மாவு மில் இருந்தது. வெங்கச்சங்கல்லை (பளிங்கு போல மின்னும் வெள்ளைக்கல்) உடைத்து அரைத்து, கண்ணாடி செய்யும் ஊர்களுக்கு லாரியில் அனுப்புவார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது மில்லைச் சுற்றியுள்ள புளியமரங்கள் எல்லாம் வெள்ளையாக நிற்கும். எங்கள் பிள்ளைகள் ஜன்னலோரம் எட்டிப் பார்த்து, "பனி பேஞ்சிருக்குது" என்று கத்துவார்கள். நாங்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவோம்.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் ஜீப்பில் எங்கள் ஊருக்கே வந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். பெண்கள் முன்னேற வேண்டும், கம்பெனிக்கும் சமுதாயப் பொறுப்பு இருக்கிறது என்று அழகாகப் பேசினார். அரைத்ததில் மிஞ்சும் மெல்லிய மாவை எங்களுக்கு இலவசமாகத் தருவதாகவும், அதைச் சலித்துச் சாயம் கலந்து கோலமாவாக விற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். லாரி வாடகையைக் கூடக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளுமாம். எங்களுக்குக் கை தட்டிக் கை வலித்துவிட்டது. பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். நான்தான் நடுவில் நின்றேன், பல்லெல்லாம் தெரிய.

மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது நிஜமாகவே சொக்கிப் போனோம். அப்படி ஒரு வெள்ளை! விரலிடுக்கில் தண்ணீர் போல வழிந்தது. சந்தையில் விற்கும் கோலமாவு இதன் பக்கத்தில் மணல்.

ஒரே ஒரு சிரமம் இருந்தது. மலையில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வெளியில் உட்கார்ந்து சலித்தால் நல்ல மாவெல்லாம் பறந்துபோய் வெறும் கப்பிதான் கையில் நிற்கும். பறப்பதுதானே நல்ல மாவு, அதற்குத்தானே கிராக்கி! அதனால் எங்கள் கிழங்கு வைக்கும் அறையைக் காலி செய்தோம். ஜன்னலில் சாக்கைச் சொருகினோம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம். பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையை இரட்டையாக மடித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சலித்தோம். ஒரு குந்துமணி மாவு வீணாகாது. இந்த யோசனை என்னுடையதுதான். எல்லாரும் மெச்சினார்கள்.

உள்ளே ஒரே பாட்டும் கும்மாளமும்தான். மதியம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் புருவம், இமை, தலைமுடி எல்லாம் வெளுத்திருக்கும். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து உருளுவோம். ராசம்மாக்கா என் முகத்தைப் பார்த்து, "பவுடர் போட்டுட்டு யாரைக் கட்டிக்கப் போற அம்மிணி?" என்று கேட்பார்.

முள்ளுக்குறிச்சியில் மளிகைக்கடை வைத்திருந்த சாதிக் பாய்தான் எங்கள் மாவை வாங்கி விற்றார். எங்கள் மிளகை வாங்குபவரும் அவர்தான். அவர் வீட்டில் கோலம் போடும் வழக்கமில்லை, ஆனால் எந்த நிறம் எந்த வாரம் ஓடும் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். பொங்கலுக்கு முன்னால் பச்சை வேண்டும், ரோஸ் வேண்டும் என்று பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆடிப்பெருக்குக்கு மறுபடி ஒரு சுற்று நடக்கும். இப்படி மூன்று நான்கு வருஷம் கதவைச் சாத்தியபடியே போனது.

அதற்குப் பிறகுதான் அந்த அடுப்பு எரியாத காலை.

விறகைத் திட்டிய வாரத்திலேயே சாயங்காலக் காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளவென்றானது. எங்கள் வீட்டிலிருந்து நெல்வயலுக்கு இறங்கி ஏறுவது எனக்கு விளையாட்டு. இப்போது பாதியில் பாறைமேல் உட்கார வேண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் (கிருமியால் நுரையீரல் அரிக்கப்படும் நோய்) என்று சொன்னார்கள். மாத்திரை இலவசம், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள்.

முதல் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் செக்கச்செவேலென்று போனது. ரத்தம்தான் போகிறது, அவ்வளவுதான் என் கதை என்று கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டேன். நர்ஸம்மா வந்து, அது மாத்திரையின் சாயம் என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். காசநோய் மாத்திரை சாப்பிடப் போகிறவர்களே, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஆனால் ஊர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். பிறகு என் டம்ளர் தனியாக இருந்தது. குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. சின்னையன் மட்டும் என் தட்டிலேயே சாப்பிட்டார். வேண்டாம் என்றால், "சோறுதான சாப்புடறேன், உன்ற நோவையா சாப்புடறேன்?" என்பார். அந்த மனிதரை நான் விறகுக்காகத் திட்டியிருந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் நின்றது, சளி சுத்தமானது, உடம்பு தேறியது. ஆஸ்பத்திரியில் நோய் போய்விட்டது என்று கையைக் குலுக்கி அனுப்பினார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். அந்தப் பொங்கல் அடுப்பையும் என்னால் ஊத முடியவில்லை.

நோய் போன பிறகும் மூச்சு திரும்பவில்லை. படி ஏறினால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது. நான், வாயாடி! பேச்சில்லாமல் போவதற்கு உயிரே போகலாம் என்றுகூடத் தோன்றியது. சின்னையன் மிளகு மூட்டையை விற்ற கையோடு என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவின் நடை மிக நீளம். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு மனிதர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். முதலில் ஸ்பைரோமெட்ரி (ஒரு குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) செய்தார்கள். "நல்லா மூச்சை இழுத்து ஊதுங்க, இன்னும், இன்னும்!" என்று ஒரு பெண் என் காதருகே கத்தினாள். இதை மட்டும் செய்ய முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார் டாக்டரம்மா.

"எந்தக் குவாரியில வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

சின்னையன் முந்திக்கொண்டார். "குவாரியெல்லாம் இல்லீங்க. மலையில குச்சிக்கெழங்கு வெவசாயமுங்க."

"கல் உடைக்கிற இடம், கிரஷர், கிணறு வெட்டுற வேலை... முன்னாடி எப்பவாவது?"

"கல்யாணமான நாள்ல இருந்து எங்கூடத்தானுங்க இருக்குறா. ஒரு கல்லைக்கூட எடுத்து வெச்சதில்லீங்க."

டாக்டரம்மா நம்பவில்லை. நான் எழுந்து அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். என் நெஞ்சு அதற்குள் கறுப்பாக இருந்தது. கறுப்பில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புள்ளிகள், இரண்டு பக்கமும் ஒரே சீராக.

"புள்ளிக் கோலமாட்ட இருக்குதுங்" என்றேன். சும்மா இருக்க முடியாத வாய்.

டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். "கோலம் நல்லா போடுவீங்களா?"

அவ்வளவுதான், எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "போடறது மட்டுமாங்க! மாவே நாங்கதானுங்க தயார் பண்றோம். மகளிர் குழுவுங்க. எங்க மாவு ராசிபுரம் வரைக்கும் போவுதுங்க. அடுத்த தடவை வாரப்ப உங்களுக்கு ஒரு பை கொண்டாந்து தாரேன்" என்றேன், நாலைந்து மூச்சில்.

அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "எந்தக் கல்லு?"

"வெங்கச்சங்கல்லுங்க. மில்லுல இருந்தே அரைச்சுக் குடுத்துருவாங்க. நாங்க சலிக்கிறது மட்டுந்தான்."

"வெளியில உக்காந்து சலிப்பீங்களா?"

"ஐயோ, காத்துல பறந்துருமுங்க! கதவைச் சாத்திட்டுத்தான்."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு பரிசு வாங்கப்போகிறவள் போல நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சிலிக்கோசிஸ் (கல்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாக மாறும் நோய்). கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத தூசிதான் அடிவரை போகும். நுரையீரல் அதைக் கரைக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தழும்பு போட்டு மூடிக்கொள்ளும். தழும்பு விழுந்த இடத்தில் மூச்சு நுழையாது. காசநோய் வந்ததற்கும் வழி செய்தது இதுதானாம்.

"இதுக்கு என்ன மாத்திரைங்க?" என்று சின்னையன் கேட்டார்.

"தழும்பை எடுக்க மாத்திரை கிடையாது. இனிமே ஒரு சிட்டிகை தூசிகூட உள்ள போகக் கூடாது. அப்படியிருந்தா மிச்சமிருக்கிறதைக் காப்பாத்தலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்ககூட எத்தனை பேர் சலிக்கிறாங்க?"

கதவைச் சாத்தச் சொன்ன நானே ஒவ்வொருத்தி பெயராக விரல்விட்டு எண்ணினேன்.

மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மில் வந்தது. அந்த வெள்ளைப் புளியமரங்களைப் பார்த்தேன். ஓடைக்கரையில் மாவு மலைபோலக் கொட்டிக் கிடந்தது, ஓடைத் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி ஓடியது. இத்தனை வருஷமும் இதே வழியில்தான் போய்வந்திருக்கிறேன். ஜன்னலை இழுத்துச் சாத்தி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

முள்ளுக்குறிச்சியில் பஸ் நின்றபோது இறங்கி சாதிக் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அம்மிணி, எனக்கு இப்பத்தான் விஷயம் வெளங்குது" என்றார். ஓடையில் மாவு கலந்து கீழே உள்ள வயல்களெல்லாம் சிமெண்டு போட்டதுபோல இறுகிவிட்டதாம். விவசாயிகள் மில் வாசலில் போய்ச் சண்டை போட்டார்களாம். மாவை ஓடையில் கொட்டக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் மேனேஜர் மலைக்கு ஜீப்பில் ஏறியிருக்கிறார். "கொட்ட எடமில்லாம உங்க தலையில கொட்டியிருக்காங்க. நானும் அதை வாங்கி வித்திருக்கேன்." அவர் கடை வாசலில் அடுக்கியிருந்த எங்கள் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தார். அன்றிலிருந்து ஒரு பைகூட விற்கவில்லை.

எனக்கு அப்படியே பற்றியெரிந்தது. குப்பை! நாங்கள் கை தட்டி வாங்கியது, போட்டோவுக்குப் பல்லைக் காட்டி வாங்கியது, அவர்களுக்குக் கொட்ட இடமில்லாத குப்பை. சாக்கின்மேல் ஒரு வரி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வரி அச்சடித்திருக்கலாம். மில்லைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால் மூக்குக்குக் கவசம் கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று சாதிக் பாய் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது!

ஊருக்குப் போய்க் குழுவைக் கூட்டினேன். யாரும் நம்பவில்லை. ராசம்மாக்காவுக்குக் கோபம்.

"கோலமாவுல நோவு வருமா? உனக்கு டீபீ வந்துச்சு, மாவு மேல பழியப் போடற. பொழப்பக் கெடுக்காத பூங்கொடி."

"அக்கா, உங்களுக்கும் இருமல் இருக்குதல்லோ?"

"குளுருக்கு இருமாத ஊடு இந்த மலையில எது?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். முகத்தை முந்தானையால் கட்டிக்கொண்டோம். கதவைச் சாத்தினேன். மூலையில் கிடந்த சலிக்கிற சேலையை ஒரு தடவை மட்டும் லேசாக உதறினேன். ஓட்டின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கம்புபோல உள்ளே இறங்கியிருந்தது. அந்த வெயிலுக்குள் மாவு மினுமினுவென்று சுற்றியது. எத்தனையோ தடவை அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று நாங்களே பேசியிருக்கிறோம். தரையில் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். இறங்கவே இல்லை.

ராசம்மாக்கா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் என் வாசலில் புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றார். "சேலத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

அவருடைய எக்ஸ்ரேயிலும் புள்ளிகள் இருந்தன. என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் இருந்தன. நடையில் உட்கார்ந்து அக்கா அழுதார், நானும் அழுதேன். அழுதால் இன்னும் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் வழக்கம்போல லாரி வந்தது. முன்னால் ஜீப்பில் மேனேஜர், கூடவே கழுத்தில் கேமராவோடு ஒருவர், சுருட்டிய பேனர். ஊருக்குள் நுழையும் இடத்தில் ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கேதான் நாங்கள் நின்றோம். ராசம்மாக்காவின் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு நம்பாதவர்களும் நம்பிவிட்டார்கள், குழுவில் ஒருத்தி பாக்கியில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, பயத்தினால் அல்ல. அப்படி ஒரு சந்தோஷம், எதற்கென்று சொல்லத் தெரியாத சந்தோஷம்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "என்னம்மா, வரவேற்பு பலமா இருக்கு?"

"உங்க மாவு..." என்று ஆரம்பித்தேன். மூச்சு நின்றது.

"கொண்டு வந்திருக்கோம்மா. போன வருஷத்தைவிட அதிகமா..."

நான் கையைத் தூக்கினேன். அவர் நிறுத்தினார். லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. என் குரல் அதற்குமேல் எழும்பவில்லை. டிரைவரைப் பார்த்து ராசம்மாக்கா, "வண்டிய அமத்துங்க, அவ பேசோணும்!" என்று போட்ட போட்டில் இன்ஜின் அடங்கியது. மலையே அமைதியானது போல இருந்தது.

"உங்க மாவு... எங்களுக்கு... வேண்டாமுங்க."

"ஏம்மா, உங்க முன்னேற்றத்துக்குத்தானே கம்பெனி..."

"இன்னும் முடிக்கலீங்க" என்றார் ராசம்மாக்கா. "மூச்சு வாங்கறா. நில்லுங்க."

மேனேஜர் நின்றார். கேமராக்காரர் நின்றார். நான் பாறையில் ஒரு கையை ஊன்றி, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டேன். அவசரப்படவில்லை. முன்னெல்லாம் அவர் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். இன்றைக்கு என் மூச்சு வரும்வரை அவர் ரோட்டில் வெயிலில் நிற்கிறார். அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"உங்க மில்லுக்கு... வெளியாளு வந்தா... மூக்குக்குக் கவசம் குடுக்கறீங்களே... எங்களுக்கு ஏனுங்க குடுக்கல?"

அவர் முகம் மாறியது. "கோலத்துக்குத்தான் கொடுத்தோம். கதவைச் சாத்திக்கிட்டுச் சலிக்கச் சொல்லி யாரும் சொல்லலையே."

"சாத்தாதீங்கன்னும்... யாரும் சொல்லலீங்களே."

அவர் ஜீப்பின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். எனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். மாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும், சலித்த ஒவ்வொருத்திக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கம்பெனிச் செலவில். இதைச் சொல்ல எனக்கு எத்தனை மூச்சு ஆனதோ தெரியாது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். லாரியைத் திருப்பச் சொன்னார். அங்கேதான் வேடிக்கை. அந்த ரோட்டில் லாரியைத் திருப்ப முடியாது, கீழ்வளைவு வரை பின்னாலேயே போக வேண்டும். டிரைவர் பாவம், எங்கள் பக்கத்து மனிதர். பள்ளத்தில் விட்டுவிடுவாரோ என்று பயந்து நாங்களே வழி காட்டினோம். "வரட்டும், வரட்டும்! ரைட்டுல ஒடிங்க சாமி! பாத்து, பாறை!" என்று குழு மொத்தமும் கூவிக்கொண்டு கூடவே இறங்கியது. நாலு அடிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. பாறைமேல் உட்கார்ந்து, அந்த மூட்டைகள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு காலை வந்ததில்லை.

கம்பெனி எக்ஸ்ரே எடுக்கவில்லை. மேலிடம் பதில் சொல்லவேயில்லை. டாக்டரம்மாவே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்து முகாம் போட்டார். சலித்தவர்களில் சிலருக்குப் புள்ளிகள் இருந்தன, பலருக்கு இல்லை. இல்லை என்று தெரிந்த ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு ஆடாத குறைதான். இன்னும் ஒரு பருவம் கதவைச் சாத்தியிருந்தால் அந்த எண்ணிக்கை மாறியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மில்லுக்கு எதிராக மனு கொடுத்தோம், கீழ்நாட்டு விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். மில்லைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார்கள், மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்தார்கள். மில் ஓடுகிறது. அந்தக் கன்றுகளின் இலையும் வெள்ளைதான். மனுவை நாங்கள் விடவில்லை.

தழும்பு அப்படியே இருக்கிறது. இன்ஹேலர் (வாயால் உறிஞ்சும் மருந்து) காலையும் மாலையும். அடுப்புப் புகை ஆகாது என்பதால் சமையல் சின்னையனுடையது. உப்பு மட்டும் அவருக்குக் கைவரவில்லை. சளி பிடித்தவர்கள் பக்கத்தில் நான் போவதில்லை. மூச்சுப் பயிற்சி தினமும் உண்டு.

என் உடம்பை நான் முன்பு கவனித்ததே கிடையாது. அது பாட்டுக்கு ஓடியது, நான் பாட்டுக்குப் பேசினேன். இப்போது எங்கே மூச்சு நிற்கும், எங்கே மறுபடி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் பாறை மேல் உட்காரும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன். அந்த நேரத்தில் மிளகுக்கொடியில் புதுத் துளிர் விட்டிருப்பதைப் பார்க்கிறேன். மற்றவர்களின் ஒரு நாள் எனக்கு ஒன்றரை நாள் நீளம். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நீளம் முழுவதும் என்னுடையது.

போன மாதம் ராசம்மாக்காவும் நானும் சேர்ந்தே சேலத்துக்குப் போனோம். குழாயில் ஊதி முடித்து டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தோம்.

"அளவு அப்படியே இருக்கு, குறையலை" என்று டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "மூச்சு எப்படி இருக்கு, ரெண்டு பேருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராசம்மாக்கா சொன்னார்: "எங்கிட்டப் பாதி இருக்குதுங்க, இவகிட்டப் பாதி இருக்குதுங்க. சேந்து வந்தா ஒரு முழு ஆளுங்க."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார், நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நடையில் அடுத்த ஆளைக் கூப்பிட நர்ஸ் எட்டிப் பார்த்தார். எங்களுக்கு மூச்சு வரும்வரை டாக்டரம்மா அவரைக் கையமர்த்தினார்.